ரெயின்போ மீன்களை இனம் பிரிக்கப் பழகுவது எப்படி? வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் கலர் மீன் கடைகளில் ஏறி இறங்குகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு தொட்டி நிறைய விரல் நீள மீன்கள், வெளிறிப்போன நிறம், கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் வெறும் "ரெயின்போ" என்று ஒரே சொல். அந்தத் தொட்டியில் ஒரு இனம் இருக்கலாம், மூன்று இனங்களும் இருக்கலாம், ஏதோ ஒரு பண்ணையில் கலந்து பிறந்த கலப்பினமாகவும் இருக்கலாம். படத்தில் பார்த்த நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஒன்றும் பிடிபடாது, ஏனென்றால் இந்த மீன்களுக்குக் குஞ்சாக இருக்கும்போது நிறமே வராது. பெரும்பாலான இனங்களில் ஆண் மீன் முழு நிறத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், பெண் மீன் கடைசிவரை மங்கலாகவே இருக்கும்.

அதனால் புதிதாக இந்த மீன்கள் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள், ஊரை முதலில் கேளுங்கள். எந்த ஏரி, எந்த ஆறு, மலைக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பேரினம் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுப்பு) எது என்பதில் பாதி விளங்கிவிடும், தண்ணீர் எப்படி வேண்டும் என்பதும் தெரிந்துவிடும், எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படி: இது ரெயின்போ மீன்தானா?

பெயரை நம்பாதீர்கள். "ரெயின்போ ஷார்க்" என்று விற்பது கெண்டைக் குடும்பத்து மீன். ரெயின்போ டிரௌட் சால்மன் குடும்பம். இரண்டுக்கும் நம் மீனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

முதுகைப் பாருங்கள். கெண்டை வகைகளுக்கு முதுகில் ஒரே துடுப்புதான். டெட்ராக்களுக்கு ஒரு துடுப்பும், வாலுக்குப் பக்கத்தில் முள் எதுவும் இல்லாத சின்னச் சதைத் துடுப்பும் இருக்கும். ரெயின்போவுக்கு இரண்டு முதுகுத் துடுப்புகள்: முன்னது சிறியது, முட்கள் உள்ளது, பின்னது நீளமானது. இரண்டும் தனித்தனி, ஆனால் நெருக்கமாக, பல நேரம் தொட்டுக்கொள்வது போலவே இருக்கும். அடியில் குதத் துடுப்பு நீளமாக ஓடும். உடல் இருபக்கமும் தட்டையாக அழுத்தியது போல இருக்கும், கண் பெரியது. மீன் நிதானமாக நிற்கும்போது துடுப்பை மடக்கி வைத்திருக்கும் என்பதால் கொஞ்சம் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். ஆண் மீன்கள் காலையில் விளக்குப் போட்டதும் ஒன்றையொன்று சீண்டி எல்லாத் துடுப்பையும் விரித்துக் காட்டும். பார்ப்பதற்கு அதுதான் நல்ல நேரம்.

இந்த இரட்டை முதுகுத் துடுப்பு அதெரினிஃபார்ம்ஸ் என்ற வரிசையின் அடையாளங்களில் ஒன்று. சில்வர்சைடு என்று அழைக்கப்படும் சின்னஞ்சிறு வெள்ளி மீன்களின் வரிசை அது. உடலின் பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை ஓடும் கடல் சில்வர்சைடுகள் நம் மன்னார் வளைகுடாவிலும் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் திரிகின்றன. அவற்றில் இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், வண்ணம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. ரெயின்போ மீன்கள் அந்தக் கடல் மீன்களின் நன்னீர் உறவுக்காரர்கள்.

இரண்டாம் படி: குடும்பப் பெயரில் குழம்பாமல் இருக்க

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு புத்தகம் மடகாஸ்கர் மீனையும் ரெயின்போ குடும்பத்தில் சேர்த்திருக்கும், இன்னொன்று சேர்க்காது. இரண்டும் தவறில்லை. வகைப்பாட்டில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு வழக்கத்தில் மெலனோடேனிடே என்பது பெரிய குடும்பம், அதற்குள் நான்கு துணைக்குடும்பங்கள். இன்னொரு வழக்கத்தில் அந்த நான்கும் தனித்தனிக் குடும்பங்கள். இன்று மீன் வளர்ப்பவர்களும் பெரும்பாலான பட்டியல்களும் இரண்டாவது வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறார்கள், நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்கையும் இடத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். மடகாஸ்கரில் பெடோடிடே: பெடோடியா, ரியோக்ளிஸ் ஆகிய பேரினங்கள் இதில் வருகின்றன. கடைகளில் பெடோடியா ஜியாயி என்ற பெயரில் பல காலமாக விற்கப்பட்டு வந்தது உண்மையில் பெடோடியா மடகாஸ்கரியென்சிஸ். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் டெல்மதெரினிடே: மட்டானோ, மஹலோனா, தோவுத்தி என்று ஒன்றோடொன்று தொடர்புள்ள மலிலி ஏரிகள்தான் இவற்றின் தலைமையிடம். கடைகளில் "செலிபஸ் ரெயின்போ" என்று வரும் மரோசாதெரினா லாடிகேசி மட்டும் அந்த ஏரிகளைச் சேர்ந்ததில்லை, தீவின் தென்மேற்கில் மாரோஸ் பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. மூன்றாவது சூடோமுகிலிடே, அதாவது "புளூ ஐ" என்ற நீலக்கண் மீன்கள், நியூகினியிலும் ஆஸ்திரேலியாவிலும். நான்காவது அசல் ரெயின்போ குடும்பமான மெலனோடேனிடே, அதே நியூகினியும் ஆஸ்திரேலியாவும்தான். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள்.

இந்த இடங்களை உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மடகாஸ்கர், சுலவேசி, நியூகினி, ஆஸ்திரேலியா ஆகிய நான்கிலும் கெண்டைக் குடும்பத்து மீன் இயற்கையாக ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊர் ஓடையில் கெண்டைக் குஞ்சுகள் செய்கிற வேலையை, அதாவது மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிந்து விழுகிற பூச்சியையும் மிதக்கிற பாசியையும் தின்கிற வேலையை, அங்கே கடல்வழி வந்த இந்த மீன்கள் செய்கின்றன. எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

மூன்றாம் படி: நியூகினியை ஒரு தாளில் வரையுங்கள்

சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பென்சில் எடுத்து வரையுங்கள். நியூகினித் தீவு ஒரு பறவை போல இருக்கும். தலை மேற்கே பார்த்திருக்கும். அந்தத் தலைப் பகுதியை இந்தோனேசிய மொழியிலும் பறவைத் தலை என்றுதான் சொல்கிறார்கள். தீவின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக, பல இடங்களில் 4,000 மீட்டருக்கும் மேலே போகிற மலைத்தொடர். அதை ஒரு தடித்த கோடாகப் போட்டுவிடுங்கள். கீழே, டோரஸ் நீரிணைக்குத் தெற்கே, ஆஸ்திரேலியாவின் வடக்கு விளிம்பையும் கிழக்குக் கரையையும் வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது தாளில் மூன்று பெரிய பகுதிகள் இருக்கும்: பறவைத் தலையும் அதையொட்டிய தீவுகளும் ஒன்று, மலைக்கு வடக்கு ஒன்று, மலைக்குத் தெற்கும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஒன்று. 2013இல் பீட்டர் அன்மேக்கும் ஜெரால்ட் ஆலனும் உடன் ஆய்வாளர்களும் மரபணு ஆய்வு செய்து பார்த்தபோது, இந்த மீன்களின் உறவுமுறையும் பெரும்பாலும் இப்படித்தான் இடவாரியாகப் பிரிந்தது. பேரினப் பெயரைவிட இடம் உறவை நன்றாகச் சொல்கிறது. மெலனோடேனியா என்று ஒரே பேரினப் பெயரில் இருக்கிற மேற்குப் பகுதி மீனும் தெற்குப் பகுதி மீனும் ஒருவருக்கொருவர் தூரத்து உறவு. வடக்கில் இருக்கிற மெலனோடேனியாவுக்கோ, வேறு பேரினப் பெயர் தாங்கிய பக்கத்து ஊர் மீன்கள்தான் நெருங்கிய சொந்தம். பெயர்கள் இன்னும் இதற்கு ஏற்றபடி முழுதாக மாறவில்லை, வருங்காலத்தில் மாறலாம். அதனால்தான் வரைபடத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

மேற்கிலிருந்து வருவோம். பறவைத் தலைக்கு நடுவே சுண்ணாம்புக்கல் நிலத்தில் அயமாரு ஏரிகள். கடைகளில் "போஸ்மானி" என்று கேட்டதும் எடுத்துத் தருகிற, முன்பாதி நீலச் சாம்பலும் பின்பாதி ஆரஞ்சுமாக இருக்கிற மெலனோடேனியா போஸ்மானி இந்தச் சுற்றுவட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. டச்சு மீனியலாளர் மாரினுஸ் போஸ்மான் 1950களில் இதைச் சேகரித்தார். பதப்படுத்திய மீனில் நிறம் நிற்காது என்பதால் அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆலனும் கிராஸும் 1980இல்தான் அதற்கு அவர் பெயரை வைத்து விவரித்தார்கள். அப்புறம் வியாபாரம் பிடித்துக்கொண்டு, நிறத்துக்காக ஆண் மீன்களை மட்டும் அள்ளிப் போனார்கள். இன்று இயற்கை வாழிடத்தில் அழியும் ஆபத்தில் இருக்கிற இனம் இது. நமக்குக் கிடைப்பதெல்லாம் பண்ணையில் பிறந்தவை. இதே மேற்குப் பகுதியில் ஆர்ஃபாக் மலையடிவாரத்து இனமும், வைகேயோ, பத்தாந்தா, மிசோல் தீவுகளுக்கென்று தனித்தனி இனங்களும் உண்டு. இங்கே ஒரு ஏரிக்கு ஒரு இனம், ஒரு ஓடைக்கு ஒரு இனம் என்ற அளவுக்குக்கூடப் போகும், புது இனங்களும் இந்தப் பக்கத்திலிருந்துதான் அதிகம் விவரிக்கப்படுகின்றன.

வடக்கில் ஜெயபுரா நகரத்துக்குப் பக்கத்தில் சென்டானி ஏரி. செங்கல் சிவப்பில், முதுகு கூன் போட்ட மாதிரி உயர்ந்து நிற்கிற ஆண் மீன் கொண்ட குளோசோலெபிஸ் இன்சிசுஸ் இந்த ஏரிக்காரர். 1907இல் மாக்ஸ் வெபர் விவரித்தார். குளோசோலெபிஸ் பேரினம் முழுக்க மலைக்கு வடக்கேதான். கைலதெரினா பேரினமும் ஏறக்குறைய முழுக்க வடக்குதான். அதே பக்கத்தில் பெரிய மம்பெராமோ ஆறு. சின்னத் தொட்டிக்காரர்கள் விரும்பி வாங்குகிற, நீல மினுமினுப்பும் சிவப்புத் துடுப்பும் உள்ள "நியான் ரெயின்போ", மெலனோடேனியா பிரீகாக்ஸ், அந்த ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது. 5, 6 செ.மீ.க்கு மேல் போகாது.

தெற்கு வேறு மாதிரி. உயரத்தில் குடுபு ஏரி இருக்கிறது, நீலம் பாய்ந்த மெலனோடேனியா லாகுஸ்ட்ரிஸ் அங்கே மட்டும்தான். மஞ்சள் நிற மெலனோடேனியா ஹெர்பெர்ட்டாக்சல்ரோடி தெபேரா ஏரிப் பக்கம். ஆனால் கீழே சமவெளிக்கு இறங்கிவிட்டால் நியூகினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எல்லையே மங்கிவிடும். காரணம் எளிது: பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரண்டும் ஒரே நிலம், இன்று கார்பென்டாரியா வளைகுடா இருக்கிற இடத்தில் அப்போது ஒரு பெரிய ஏரி. ஆறுகளும் அதில் வந்து கலந்தன, மீன்களும் கலந்தன. நீளமான நூல் போன்ற துடுப்பு உள்ள இரியதெரினா வெர்னெரி இரண்டு கரையிலும் இருப்பதும், மெலனோடேனியா ஸ்பிளெண்டிடாவின் துணையினங்கள் தெற்கு நியூகினியிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவன ஆறுகள் வரை பரவியிருப்பதும் இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கென்று இரண்டு தனிப் பேரினங்கள் இருக்கின்றன. கெய்ன்ஸ் நகரத்துக்கு அருகே மழைக்காட்டு ஓடைகளில் கெய்ன்சிக்திஸ். 1980 முதல் ஒரே இனமாக இருந்து, 2018இல் இரண்டாவது இனம் சேர்ந்தது. குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடக்கிலும் கடலோர மணற்பாங்கான நிலத்துத் தேநீர் நிறத் தண்ணீரில் ராடினோசென்ட்ரஸ் ஆர்னாடுஸ். இன்னும் தெற்கே மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் மெலனோடேனியா ஃப்ளூவியாட்டிலிஸ். குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்கிற தண்ணீரையும் தாங்குகிற வெப்பமண்டலக் குடும்பத்து மீன் அது.

பெலாஞ்ஜியா என்று ஒரு பேரினம் மிச்சம் இருக்கிறது. மேற்கு நியூகினியில் ஒரே ஒரு ஏரி, ஒரே ஒரு இனம். கடையில் கிடைக்காது, பெயரை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதோடு ஏழு பேரினங்களும் முடிந்தன.

நான்காம் படி: நீலக்கண் மீன்களைத் தனியாகப் படியுங்கள்

சூடோமுகில் பேரினத்து மீன்கள் 3 முதல் 6 செ.மீ. அளவு. சின்னத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இவைதான் பொருத்தம். புள்ளித் துடுப்புள்ள சூடோமுகில் கெர்ட்ரூடே வடக்கு ஆஸ்திரேலியா, தெற்கு நியூகினி, ஆரு தீவுகளிலும், மஞ்சள் துடுப்பை முள்கரண்டி போல விரிக்கும் சூடோமுகில் ஃபர்காட்டுஸ் நியூகினியின் கிழக்குக் கோடியிலும் வாழ்கின்றன. ஃபர்காட்டுஸைப் பழைய புத்தகங்களில் தேடினால் பொபொண்டெட்டா என்றும், பிறகு பொபொண்டிக்திஸ் என்றும் இருக்கும். மூன்றும் ஒரே மீன். "ரெட் நியான்" என்று வந்த சிவப்பு நீலக்கண் மீனும் இப்படித்தான், பல வருடம் வேறொரு இனத்தின் பெயரோடு ஒட்டி விற்கப்பட்டு, 2016இல்தான் சூடோமுகில் லூமினாட்டுஸ் என்று தனிப்பெயர் பெற்றது.

இந்தக் குடும்பத்தில் என்னை அதிகம் கவலைப்படவைப்பது ஸ்காட்டுரிஜினிக்திஸ் வெர்மெய்லிபின்னிஸ். குயின்ஸ்லாந்தின் வறண்ட நிலத்தில் எட்ஜ்பாஸ்டன் என்ற இடத்து ஊற்றுகளில் மட்டும் வாழ்கிற 3 செ.மீ. மீன், 1991இல் விவரிக்கப்பட்டது. அந்த ஊற்றுகள் பலவற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது. அங்கே கம்பூசியா புகுந்ததில் ஊற்று ஊற்றாக இந்த மீன் காணாமல் போனது. நம் ஊரிலும் கொசுவை ஒழிக்கக் குளங்களில் விட்டிருக்கிறார்களே, அதே கம்பூசியாதான்.

ஐந்தாம் படி: பெயரோடு ஊரையும் எழுதுங்கள்

ரெயின்போ மீன் வளர்ப்பவர்கள் பெயரை மூன்று பகுதியாக எழுதுவார்கள்: பேரினம், இனம், பிடித்த இடம். "மெலனோடேனியா ட்ரைஃபாசியாட்டா, கோய்டர் ஆறு" என்பது ஓர் உதாரணம். ட்ரைஃபாசியாட்டா ஒரே இனம்தான், ஆனால் ஆற்றுக்கு ஆறு நிறம் மாறும். ஒரு ஆற்று மீன் சிவப்புத் துடுப்போடும் இன்னொரு ஆற்று மீன் மஞ்சளாகவும் இருக்கும். இனப்பெயர் வைக்கப்படாமல், பேரினமும் இடமும் மட்டும் எழுதியிருந்தால் அது இன்னும் விவரிக்கப்படாத மீன் என்று பொருள். அதைக் கலக்காமல் காப்பது மற்றதைவிட முக்கியம்.

கடையில் கேட்கும்போது இனப்பெயர், எங்கிருந்து வந்தது, பண்ணையில் பிறந்ததா, குஞ்சுகள் ஒரே ஜோடிக் கூட்டத்திலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். பல கடைகளில் பதில் வராது. அப்போது அதை "ஊர் தெரியாதது" என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வளர்த்து ரசிக்க அது போதும், ஆனால் அதன் குஞ்சுகளை இடப்பெயர் வைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். பெயர் மாறியிருக்கிறதா என்று பார்க்க, கலிபோர்னியா அறிவியல் அகாதமியின் மீன் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பழைய பெயரைப் போட்டால் இப்போதைய பெயரைச் சொல்லிவிடும்.

ஆறாம் படி: ஊரிலிருந்து தண்ணீரைக் கணியுங்கள்

அயமாரு சுண்ணாம்புக்கல் நிலம் என்றேன் அல்லவா, அதனால் போஸ்மானிக்குக் கடினமான, காரத்தன்மை பக்கம் சாய்ந்த தண்ணீர் ஒத்துப்போகும். சென்னையில் பல வீடுகளில் வருகிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத்தன்மை அதிகமில்லாமல் இருந்தால் இதற்குப் பொருந்தும், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கிவிட்டு ஊற்றுங்கள். ராடினோசென்ட்ரஸும் கெர்ட்ரூடேயும் மென்மையான, அமிலத்தன்மை உள்ள தண்ணீர்க்காரர்கள். மழைநீரைக் கலந்து கொடுக்க முடிந்தால் மட்டும் அவற்றைப் பற்றி யோசியுங்கள். ஏரியில் இருந்து வந்த பெரிய இனங்களுக்கு நீந்த நீளம் வேண்டும், 4 அடித் தொட்டிக்குக் குறைந்து போகாதீர்கள். பிரீகாக்ஸுக்கு இரண்டரை, 3 அடி போதும். எல்லாமே கூட்டமாக வாழ்பவை, ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். மூடி கட்டாயம், நன்றாகத் துள்ளும்.

ஏழாம் படி: கலக்காதீர்கள்

ரெயின்போ பெண் மீன் ஒரே நாளில் முட்டையெல்லாம் இட்டு முடிக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பாசியிலும் செடி வேரிலும் ஒட்டுகிற மெல்லிய இழையோடு முட்டை வைக்கும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிந்து மேல்மட்டத்திலேயே மிதக்கும். ஒரே தொட்டியில் இரண்டு மெலனோடேனியா இனம் இருந்தால், முட்டைக்கு அப்பன் யார் என்று சொல்ல முடியாது. பேரினம் வேறாக இருந்தால்கூட, குளோசோலெபிஸும் மெலனோடேனியாவும் கலக்கக்கூடும். கலப்புக் குஞ்சு பார்க்க நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை விற்ற நாளிலிருந்து எதுவும் எதுவாகவும் பெயர் பெறும். கலந்து வளர்க்க ஆசை இருந்தால் வளருங்கள், அந்தத் தொட்டி முட்டையை மட்டும் எடுத்துப் பொரிக்காதீர்கள். இனப்பெருக்கம் செய்ய வேண்டுமென்றால் அதற்கு ஒரே இனம், ஒரே ஊர் மட்டும் உள்ள தனித் தொட்டி வையுங்கள்.

ஆற்றிலேயே இது நடந்திருக்கிறது. குயின்ஸ்லாந்தில் ரன்னிங் ரிவர் என்ற ஆற்றின் ஒரு பகுதியில் மட்டும் வாழ்ந்த ரெயின்போ, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஸ்பிளெண்டிடாவோடு கலந்து தன் அடையாளத்தை இழக்கத் தொடங்கியது. அன்மேக் குழுவினர் கலக்காத மீன்களைத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, வேறு ஓடைகளில் விட்டுக் காப்பாற்றினார்கள். அதே குயின்ஸ்லாந்தின் ஈச்சம் ஏரியில் 1980களில் யாரோ கொண்டுவந்து விட்ட வேறிடத்து மீன்கள் அங்கிருந்த மெலனோடேனியா ஈச்சமென்சிஸை ஏரியிலிருந்தே துடைத்துவிட்டன. இயற்கையில் அழிந்தே விட்டது என்று எண்ணினார்கள். அந்த நேரத்தில் அது வளர்ப்பவர்களின் தொட்டிகளில் உயிரோடு இருந்தது, பிறகு பக்கத்து ஓடைகளிலும் கண்டுபிடித்தார்கள். ஊர்ப்பெயரோடு கலக்காமல் வைத்திருந்த தொட்டிகள் என்பதால்தான் அவை உதவிக்கு வர முடிந்தது.

வளர்த்து அலுத்துப்போனால் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ, இனம், ஊர், வாங்கிய தேதி மூன்றையும் எழுதிய சீட்டோடு கொடுங்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் பிரீகாக்ஸைச் சொல்வேன். சிறியது, விலை கட்டுப்படியாகும், தண்ணீரில் பிடிவாதம் குறைவு, சீக்கிரமே முட்டை வைக்கும். இரண்டு ஆண், நான்கு பெண் வாங்குங்கள். ஆண் மீனின் உடல் உயரமாக இருக்கும், துடுப்பு விளிம்பு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். வரைந்து வைத்த தாளில் மலைக்கு வடக்கே மம்பெராமோ ஆற்றின் மேல் ஒரு புள்ளி வைத்துப் பெயரை எழுதுங்கள். அடுத்த மீனை வாங்குவதற்கு முன் அதன் புள்ளி எங்கே விழும் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.